முதல் வெடி கணக்கில்லை

செப்ரெம்பர் 22, திங்கள்

இனி மூன்று கிழமைகளில் செய்ய வேண்டியவற்றை முதலில் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். ஒழுங்கு இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

1. மருமகனின் வேட்டைத் துவக்குக்குப் பொருந்தும் ரவை, அதாவது தோட்டா, குலசிங்கத்தின் கடையில் எத்தனை வகை இருக்கிறதோ, அத்தனையிலும் ஒவ்வொரு பெட்டி வாங்குவது.
2. சரளை மண் வெட்டியெடுத்த கிறவல் கிடங்கில், நூறு மீற்றர் தூரத்தில், ஒவ்வொரு வகையிலும் நான்கு வெடி வைத்துப் பார்ப்பது. இதை இரண்டு வேறு நாட்களில் செய்வது.
3. ஒவ்வொரு நான்கிலும் முதல் வெடியைக் கணக்கில் எடுப்பதில்லை. மற்ற மூன்றும் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதை மட்டும் அளப்பது.
4. சுடுவது சுகிர்தா. அளப்பது நான். துவக்கை நான் தொடுவதில்லை.
5. ஒக்ரோபர் பத்தாம் திகதிக்கு முன் முடிவு சொல்வது.
6. சந்தேகமானதைச் சொல்வதில்லை. உறுதியான பிறகே வாயைத் திறப்பது.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். கனடாவின் வடக்கே, வரைபடத்தில் பெயர் போடாத இந்தச் சிற்றூருக்கு மகளோடு வந்து இரண்டு வருடம். சுகிர்தா இங்குள்ள சிறிய மருத்துவ நிலையத்தில் தாதி. அவளுடைய கணவன் ரமணன் சுரங்கத்தில் வேலை. ஆறு கிழமை அங்கே, இரண்டு கிழமை இங்கே. ஒரு மெலிந்த கரடி ஓகஸ்ட் முதல் ஊருக்குள் திரிகிறது. ஒரு நாயைக் கொன்றது. போன வெள்ளி எங்கள் கொட்டிலின் கதவைப் பிய்த்து எறிந்தது. வனவிலங்கு அதிகாரி நான்கு மணி நேரத் தூரத்தில் இருக்கிறார். உயிருக்கு ஆபத்து என்றால் சுடலாம், சுட்டுவிட்டு எங்களுக்கு அறிவியுங்கள் என்று தொலைபேசியில் சொன்னாராம்.

சுகிர்தாவிடம் உரிமம் இருக்கிறது. ரமணனின் துவக்கும் இருக்கிறது. ஒரு தரம் விசையை அழுத்தினால் ஒரு வெடி. அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஆனால் போன வருடம் ரமணன் இந்தத் துவக்கால் சுட்டு மூன்று மான்களைத் தவறவிட்டான். ஒவ்வொரு தடவையும் கையில் அகப்பட்ட ரவையைப் போட்டுச் சுட்டிருக்கிறான். ஒரு துவக்குக்கு ஒரு ரவைதான் ஒத்துவருமாம். எது என்று துவக்குக்குத்தான் தெரியும்.

என்னால் செய்யக்கூடியது இது ஒன்றுதான். கரடி வந்தால் நான் கதவுக்குப் பின்னால்தான் நிற்பேன். அது எனக்குத் தெரியும்.

செப்ரெம்பர் 23, செவ்வாய்

குலசிங்கம் ஊரில் எங்கள் பக்கத்து ஆள். வல்வெட்டித்துறை. பெற்றோல் நிலையம் வைத்திருக்கிறார். பால், தூண்டில், மழைச்சட்டை, ரவை எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

"என்ன மாஸ்ரர், கரடியோட சண்டைக்கோ வெளிக்கிட்டியள்?" என்றார்.

சுகிர்தா உரிமத்தைக் காட்டினாள். நான் வேணியர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு என் பட்டியலைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"பத்து வருசமா ரவை விக்கிறன். வேணியர் அளவுகோலோட வந்த முதல் ஆள் நீங்கள்தான். கரடிக்கு அதைக் காட்டினாலே பயந்து ஓடிடும்."

"வீட்டிலை வெடிமருந்து அடைச்சு ரவை செய்து தாற ஆக்கள் இருக்கினமாமே," என்று கேட்டேன்.

"அந்தக் கதையே வேண்டாம். அது ஒரு வெடி ஒரு வெடியாச் சுடுற துவக்குக்குச் சரி. உங்கடை துவக்கிலை ரவை அடைச்சுக்கொண்டு நிண்டுதெண்டால் என்ன செய்வியள்? கரடியை 'கொஞ்சம் பொறு ராசா' எண்டுவியளோ? கொம்பனிப் பெட்டிதான் பாதுகாப்பு."

நான்கு வகை இருந்தன. சிவப்புப் பெட்டி, பச்சைப் பெட்டி, வெள்ளிப் பெட்டி, நீல நாடா போட்ட பெட்டி. நீல நாடாவில் மூன்றுதான் மிச்சம். அடுத்த லொறி நவம்பரில்.

வரும் வழியில் பாதையோரப் பற்றைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். "அப்பா, அந்தப் பக்கம் என்ன?" என்றாள் சுகிர்தா. இலைகள் நிறம் மாறிவிட்டன என்றேன்.

செப்ரெம்பர் 27, சனி

கிறவல் கிடங்கில் முதற் பரிசோதனை. பின்னால் நாற்பதடி மண் மேடு. ஆள் நடமாட்டம் இல்லை. காற்று குறைவு. வெப்பநிலை ஆறு பாகை. சுகிர்தா மணல் மூட்டையில் துவக்கைச் சாய்த்து இருந்து சுட்டாள். எனக்குக் காதை மூட ஒரு கருவி தந்தாள்.

முதல் வெடியில் என் பென்சில் கீழே விழுந்துவிட்டது. அதை எடுக்கக் குனிந்தேன்.

"அப்பா, ஏன் நிலத்திலை படுத்தனீங்கள்?"

"பென்சில்."

"பென்சில் கையிலை கிடக்கு. எழும்புங்கோ, ஈரம்."

பிறகு அவள் ஒவ்வொரு வெடிக்கும் முன் "இப்ப" என்று சொல்லிவிட்டுச் சுட்டாள். அது உதவியாக இருந்தது.

ஒவ்வொரு தாளிலும் முதல் வெடியின் ஓட்டையைப் பென்சிலால் சிலுவை போட்டு விலக்கினேன். சுகிர்தா ஏன் என்று கேட்டாள். இரசாயன ஆய்வுகூடத்தில் நியமிப்புச் செய்யும்போது அளவியின் முதல் வாசிப்பு எப்போதும் பருமட்டானது, தோராயமானது. அதைப் பதிவோம், சராசரியில் சேர்க்கமாட்டோம். பிறகு ஒத்துவரும் வாசிப்புகளைத்தான் எடுப்போம் என்றேன். துவக்கிலும் அப்படித்தான், குழாய் குளிர்ந்திருக்கும், ஆளும் தயாராக இருக்கமாட்டார், முதலாவது எப்போதும் பிழைக்கும்.

"உங்கடை பெடியள் இதைக் கேட்டுக் கேட்டுக் களைச்சிருப்பாங்கள்," என்று சிரித்தாள்.

முப்பத்தொரு வருடம் படிப்பித்தேன். ஒருவரும் களைக்கவில்லை. அல்லது என்னிடம் சொல்லவில்லை.

செப்ரெம்பர் 28, ஞாயிறு

காது இன்னும் இரைகிறது. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஒக்ரோபர் 1, புதன்

சுகிர்தா வேலைக்குப் போகும் நானூறு மீற்றரையும் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். பாதை பற்றையோரமாக ஒரு இடத்தில் வளைகிறது. அந்த வளைவில், நான் முப்பத்தெட்டு எண்ணும் வரை அவள் தெரியமாட்டாள். இன்று நாற்பத்தைந்து ஆனது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு கதவு வரை போனேன். அவள் மறுபக்கம் வந்துவிட்டாள். சப்பாத்தைக் கழற்றினேன்.

பின்னேரம் ரமணன் தொலைபேசியில் வந்தான். "மாமா, ஏன் இவ்வளவு மினக்கெடுறியள்? கரடி பெரிய சாமான். எந்த ரவை பட்டாலும் விழும்." மான்கள் விழவில்லையே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஒக்ரோபர் 4, சனி

இரண்டாம் பரிசோதனை. வெப்பநிலை இரண்டு பாகை. இன்று பென்சில் விழவில்லை.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

இரண்டு நாளின் சராசரி, சென்ரிமீற்றரில்:

சிவப்பு 11.2
வெள்ளி 9.6
பச்சை 7.8
நீல நாடா 3.1

மூன்று தடவை அளந்தேன். நீல நாடாவின் மூன்று ஓட்டைகளையும் ஒரு தேநீர்க் குவளையின் வாயால் மூடிவிடலாம். குலசிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்து மிச்சம் இரண்டு பெட்டியையும் எடுத்து வைக்கச் சொன்னேன். "மாஸ்ரர், கரடி உங்களிட்டைப் படிச்சிருந்தால் இண்டைக்கே ஊரை விட்டுப் போயிருக்கும்," என்றார்.

சுகிர்தா அந்த மூன்று ஓட்டைகளுக்கு நடுவே குறி விழும்படி துவக்கின் தொலைநோக்கியைத் திருகிச் சரிசெய்தாள். ரவைக்கூட்டில் நீல நாடாவை நிரப்பினாள். துவக்கை எண்ணெய் போட்டுத் துடைத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். "கெட்டிக்கார அப்பா," என்று என் தோளில் தட்டினாள்.

இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒக்ரோபர் 9, வியாழன்

தாள்களைக் கோப்பில் போட்டு வைப்பதற்காக அடுக்கினேன். நீல நாடாவின் இரண்டு நாள் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கத்தான்.

சிலுவை போட்ட ஓட்டைகள் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

மற்ற மூன்றுக்கும் பதின்மூன்று சென்ரிமீற்றர் மேலே. இரண்டு நாளும் அப்படித்தான். பிழையாகப் போன வெடி என்றால் ஒரு நாள் இடதும் ஒரு நாள் வலதுமாக அல்லவா போயிருக்கவேண்டும்? பச்சைப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அதன் முதல் வெடி மற்றவற்றோடேயே கிடக்கிறது. முதலாவதையும் சேர்த்து அளந்தால் பச்சை 8.1. நீல நாடா 14.

சுகிர்தா முதல் ரவையைக் கையால் ஏற்றுகிறாள். மற்றவற்றைத் துவக்கே அடித்து ஏற்றிக்கொள்கிறது. குழாயில் எண்ணெய்ப் படலமும் இருக்கிறது. இரண்டில் எது காரணம், அல்லது இரண்டும் இல்லையா, எனக்குத் தெரியாது. இரண்டே இரண்டு வாசிப்பை வைத்து முடிவு சொல்லக்கூடாது. இன்னொரு தடவை கிடங்குக்குப் போய்ப் பார்க்கவேண்டும்.

சுகிர்தா நான்கு மணிக்கு வந்தாள். களைத்திருந்தாள். தேநீர் கொடுத்தேன்.

ஒக்ரோபர் 10, வெள்ளி

மழை. கிடங்குக்குப் போக முடியாது.

சொல்லலாமா என்று யோசித்தேன். போன ஞாயிறு கெட்டிக்கார அப்பா. இந்த வெள்ளி, எல்லாம் பிழை என்கிற அப்பா. எழுபத்தாறு வயதில் ஒரு மனிதன் சொன்னதை மாற்றத் தொடங்கினால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். என் தகப்பனை வைத்து நானும் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

என் மனைவி பொன்மணி உயிரோடு இருந்தபோது அடிக்கடி சொல்வாள்: "நீங்கள் வாயைத் திறக்காதபடியால்தான் நாங்கள் தப்பினது." போர்க் காலத்தில் சோதனைச் சாவடிகளில், விசாரிக்க வந்தவர்கள் முன்னால், நான் படிப்பித்த பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டபோது. எந்தப் பக்கத்தார் கேட்டாலும். வடிவாகத் தெரியாது என்பேன். அது நல்ல பதில்.

ஒக்ரோபர் 11, சனி

மழை விட்டது. சுகிர்தாவுக்கு இன்றும் வேலை. நாளை போகலாம்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

காலை ஒன்பதரை மணிக்கு டோரதி தொலைபேசி எடுத்தா. எங்கள் வீட்டுக்குக் கீழ்ப்புறம் தனியாக இருப்பவ. எண்பத்து மூன்று வயது. மூக்கில் ஒட்சிசன் குழாயோடு இருக்கிறவ. கரடி தன் கதவைப் பிறாண்டுகிறது என்றா. அழவில்லை. "கதவு அதிக நேரம் தாங்காது பிள்ளை," என்றாவாம்.

சுகிர்தா துவக்கை எடுத்தாள். "அப்பா, உள்ளுக்கை நில்லுங்கோ. வெளியிலை வரக்கூடாது." முதல் ரவையைக் கையால் ஏற்றினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

எங்கள் முற்றத்தில் காரின் முன்பக்கத்தில் துவக்கைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். டோரதியின் வாசல் தொண்ணூறு மீற்றர் இருக்கும். கரடி முன்கால்களைக் கதவில் வைத்து மனிதனைப் போல நிமிர்ந்து நின்றது. கதவுக்குப் பின்னால் டோரதி. சுகிர்தா சுடவில்லை. காத்திருந்தாள். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். கரடி பிறாண்டுவதும் மரம் கிழிவதும் எனக்குக் கேட்டன. அவளுடைய கை ஆடவில்லை. நான் ஜன்னலுக்குப் பின்னால் மூன்று மீற்றரில் நின்றேன். துவக்கின் நுனி கல்லில் பதித்ததுபோல் இருந்தது.

கரடி படியிலிருந்து இறங்கிப் பக்கவாட்டில் நின்றது. அதற்குப் பின்னால் மலைச்சரிவு மட்டும்தான்.

ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. 'ஆறு விரல் கீழே பிடி' என்று சொன்னால் போதும். நான்கு சொல். ஆனால் அந்த நேரத்தில் குழப்பக்கூடாது. நான் நினைப்பது பிழையாக இருந்தால் என் சொல்லாலேயே அவள் தவறவிடுவாள்.

"இப்ப," என்று சுகிர்தா சொன்னாள். எனக்காகத்தான் சொன்னாள். சுட்டாள்.

கரடியின் முதுகுக்கு மேலே உரோமம் பறந்தது. அது ஒரு தடவை வட்டமாகச் சுழன்று, கத்திக்கொண்டு பற்றைக்குள் ஓடியது. இரண்டாவதும் மூன்றாவதும் அது நின்ற இடத்து மண்ணில் பட்டன.

டோரதிக்கு ஒன்றுமில்லை. கரடி காயத்தோடு பற்றைக்குள் இருக்கிறது. பற்றை எங்கள் வீட்டுக்கும் மருத்துவ நிலையத்துக்கும் நடுவில் இருக்கிறது.

ஒக்ரோபர் 13, திங்கள்

ஒருவரும் வெளியே போகவேண்டாம் என்று அறிவித்திருக்கிறார்கள். சுகிர்தாவைக் குலசிங்கம் லொறியில் வந்து ஏற்றிப்போனார். பற்றைக்குள் இரண்டு தடவை அந்தச் சத்தம் கேட்டது. இருமுவதைப் போன்ற சத்தம். ஜன்னல்களை எல்லாம் மூடினேன். பிறகும் கேட்டது.

"காயம் பட்ட கரடி கணக்கு வைக்கும்," என்று குலசிங்கம் வாசலில் நின்று சொன்னார். சுகிர்தாவின் முகத்தைப் பார்த்ததும், "பகிடிக்குச் சொன்னனான் தங்கச்சி," என்றார்.

ஒக்ரோபர் 14, செவ்வாய்

அதிகாரி வந்தார். ஒரு பெண். கூட ஒரு நாய். பதினொரு மணிக்குப் பற்றைக்குள் போனார்கள். நாய் கத்தியது, இரண்டு வெடி கேட்டது, பிறகு அமைதி. சமையலறையில் மேசைக்குக் கீழே ஏதோ விழுந்து கிடந்தது, அதை எடுத்துக்கொண்டிருந்தேன்.

கரடி செத்துவிட்டது. ஆனால் முதலில் நாயைக் கிழித்துவிட்டது. இந்த ஊரில் மிருக வைத்தியர் இல்லை. நாயை மருத்துவ நிலையத்துக்குத் தூக்கிப் போனார்கள். சுகிர்தா தையல் போடத் தொடங்கினாளாம். மூன்றாவது தையலில் நிறுத்தி, ஊசியை மற்றத் தாதியிடம் கொடுத்துவிட்டாளாம். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. குலசிங்கம் சொன்னார்.

பின்னேரம் அதிகாரி வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதினார். முந்திய காயம் தோளுக்கு மேலால் ஏர் உழுததுபோல் போயிருக்கிறது என்றார். ஒரு கை அகலம் கீழே பட்டிருந்தால் அந்த இடத்திலேயே விழுந்திருக்கும். "பரவாயில்லை, எல்லாருக்கும் கை ஆடும்," என்று சுகிர்தாவின் கையைத் தொட்டார்.

அவர் போனபிறகு சுகிர்தா என்னைப் பார்த்து, "ஆடினதை நான் உணரவே இல்லை அப்பா," என்றாள்.

ஆடவில்லை. நான் பார்த்தேன். இதை அப்போதே சொல்லியிருக்கவேண்டும். தேநீர் வைக்க எழுந்தேன்.

ஒக்ரோபர் 15, புதன்

சுகிர்தா நேரத்தோடு வந்துவிட்டாள். ஒரு குழந்தைக்கு நரம்பில் ஊசி ஏற்றவேண்டி இருந்ததாம். இரண்டு தரம் பிழைத்துவிட்டதாம். குழந்தையின் தாய், வேறு யாரும் இல்லையா என்று கேட்டிருக்கிறா.

பத்தொன்பது வருடமாக ஊசி ஏற்றுகிறவள். சாப்பாட்டு மேசையில் இரண்டு கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது உண்மையாகவே ஆடின.

ஒக்ரோபர் 16, வியாழன்

தெற்கே நகரத்தில் அலுவலக வேலை ஒன்று இருக்கிறதாம். நோயாளிகளைத் தொடத் தேவையில்லாத வேலை. ரமணனோடு தொலைபேசியில் அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை விண்ணப்பம் போடப்போகிறாள்.

ரசம் வைத்தேன். இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

ஒக்ரோபர் 17, வெள்ளி

காலை ஏழு மணிக்கு, அவள் சப்பாத்துப் போடும்போது, தாள்களைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். இரண்டு நீல நாடாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னலில் பிடித்தேன்.

"இதைப் பார்."

"எனக்கு நேரம் போச்சு அப்பா."

"பார், பிள்ளை."

பார்த்தாள். சிலுவை இரண்டையும் விரலால் தொட்டாள். அளவுகோலைக் கேட்டாள். தானே அளந்தாள். பதின்மூன்று. அதிகாரி சொன்ன ஒரு கை அகலம்.

"உன்ரை கை ஆடேல்லை," என்றேன். "நான் ஜன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டனான். ஒரு மயிரளவும் ஆடேல்லை. அந்த ரவைக்கு முதல் வெடி மேலைதான் போகும். நான் அதைக் கணக்கிலை எடுக்காமல் விட்டிட்டன். அது என்ரை பிழை."

அவள் கதிரையில் இருந்தாள். ஒரு சப்பாத்துப் போட்டிருந்தாள். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மெல்ல இளகியது. அந்த இடத்தில் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

வடிவாகத் தெரியாது என்று சொல்லலாம். நேற்றிரவு என்று சொல்லலாம். இரண்டும் வாய்க்குள் வந்தன.

"போன கிழமை. வியாழக்கிழமை."

அவள் மனதுக்குள் எண்ணுவது தெரிந்தது. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு.

"நான் வெளியிலை நிக்கேக்கை உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"ஜன்னல் திறந்து கிடந்தது."

"ஓம்."

அவள் மற்றச் சப்பாத்தையும் போட்டாள். கயிற்றை இறுக்கிக் கட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சாத்திய வேகத்தில் அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. வளைவில் முப்பத்திரண்டிலேயே மறுபக்கம் தெரிந்தாள், வேகமாக நடந்தாள்.

பின்னேரம் வந்தாள். தொலைபேசியில் ரமணனிடம், "இண்டைக்கு அஞ்சு பேருக்கு ஊசி ஏத்தினனான், அஞ்சும் முதல் தரமே," என்று சொன்னது கேட்டது. விண்ணப்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனாள்.

முதற் பக்கத்தில் எழுதிய பட்டியலைத் திருப்பிப் பார்த்தேன். காலையில் அவளிடம் பிழை என்று நான் சொன்னது மூன்றாவதை, முதல் வெடியைக் கணக்கில் எடுக்காததை. அது தெரியாமல் விட்ட பிழை. ஆய்வுகூடத்தில் அது இன்றைக்கும் சரிதான். எவரிடமும் அதற்கு நியாயம் சொல்லுவேன்.

பிழை ஆறாவது: சந்தேகமானதைச் சொல்வதில்லை.